இரண்டு பச்சை எஞ்சின்கள்

9 பிப்ரவரி

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

என் காதுகள் இரண்டும் வழக்கம்போல நீண்ட விடுப்பில் இருக்கின்றன. மற்ற உறுப்புகள் முணுமுணுத்துக்கொண்டாவது வேலைக்கு வருகின்றன. உங்கள் முதுகுவலி எப்படி? பேத்தியின் பிறந்தநாளுக்கு வந்துபோன பஸ் பயணம் அதைக் கிளறிவிட்டிருக்குமோ என்று கவலையாக இருந்தது.

வாண்டு நம் இருவர் தலையிலும் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டாள், பார்த்தீர்களா! உங்களிடம் தனியாகவும் என்னிடம் தனியாகவும் "பச்சை எஞ்சின்தான் வேணும்" என்று சொல்லிவைத்து, நாமும் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளாமல் ஒரே மாதிரி பொம்மை ரயில் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றோம். மருமகள், "ஒண்ணைக் கடையில மாத்திக்கலாமே" என்று சொன்னபோது வாண்டு இரண்டையும் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்ததை நீங்கள் பார்க்கவில்லை. அப்போது நீங்கள் கைகழுவிக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பின்னறையில் பலகை போட்டு, அதன்மேல் தண்டவாளத்தை வட்டமாக ஆணியடித்துவிட்டேன். நீங்கள் வாங்கித் தந்த ரிமோட்டையும் இணைத்தாகிவிட்டது. பட்டனை அழுத்தினால் எஞ்சின் கிளம்புகிறது. ஒன்று அல்ல, இரண்டும் கிளம்புகின்றன! ஒன்றை நிறுத்தினால் இரண்டும் நிற்கின்றன. நேற்று வாண்டு அவற்றை எதிரெதிராக வைத்துவிட்டுப் பட்டனை அழுத்த, வளைவில் இரண்டும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டன. "தாத்தா, ஒண்ணு ஸ்டேஷன்ல நிக்கணும், இன்னொண்ணு வரணும். அப்பதானே ஆளுங்க ஏற முடியும்?" என்று சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள். எனக்காக வாங்கிய சிலேட்டு அது. இப்போது அவளுடைய புகார்ப் பெட்டி.

வாழ்நாள் முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த உங்களுக்குக் காது கேளாத சம்பந்தி வாய்த்தது உங்கள் தலையெழுத்து. அதனால் தபாலில்தான் கேட்க வேண்டியிருக்கிறது. எப்படிப் பிரிப்பது என்று எழுதுங்கள்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். மருமகள் ஆஸ்பத்திரி லேப் வேலைக்குப் போகிறாள். மகன் வருகிறான், போகிறான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மில் தாத்தா


17 பிப்ரவரி

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என் முதுகு உட்கார்ந்தால் கோபித்துக்கொள்கிறது, நின்றால் சமாதானமாகிறது. ஆகவே இதை அலமாரி மேல் தாளை வைத்து நின்றபடியே எழுதுகிறேன். தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

எஞ்சின்களில் கோளாறு எதுவும் இல்லை. அந்தத் தண்டவாளத்தில் மின்சாரம் எப்போதும் இருந்துகொண்டேயிருக்கும். ரிமோட் சொல்லும் கட்டளையும் அதே தண்டவாளம் வழியாகத்தான் போகிறது. ஒவ்வொரு கட்டளைக்கு முன்பும் ஓர் எண் வரும். எஞ்சினுக்குள் உள்ள சின்ன மின்னணுச் சில்லு தன் எண்ணைக் கேட்டால் மட்டும் அசையும். கம்பெனியிலிருந்து வரும்போது எல்லா எஞ்சின்களுக்கும் மூன்று என்ற எண்ணையே போட்டு அனுப்புகிறார்கள். தாங்கள் மூன்றைக் கூப்பிட்டால் இரண்டும் "நான்தான்" என்று ஓடி வருகின்றன. எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஒருமுறை இரண்டு வீட்டுக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டோம். ஒருவர் வீட்டுத் துக்கச் செய்திக்கு இன்னொருவர் வீட்டில் அழுதார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஓர் எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து முழுக்க எடுத்துவிடுங்கள். மற்றது மட்டும் இருக்கும்போது, ரிமோட்டில் சாவிப்படம் போட்ட பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் எண் கேட்கும். நான்கு என்று கொடுத்து அம்புக்குறியை அழுத்துங்கள். எஞ்சின் ஒருமுறை உதறிக்கொள்ளும். அதுதான் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். எக்காரணம் கொண்டும் அப்போது இன்னொன்று தண்டவாளத்தின் மேல் இருக்கக்கூடாது. இருந்தால் அதுவும் நான்காகிவிடும்.

எந்த எஞ்சினுக்கு என்ன எண் என்று பின்னால் மறந்துபோனாலும் பயமில்லை. அதைத் தனியே வைத்து, கண்ணாடிப்படம் போட்ட பட்டனை அழுத்தினால் அதன் எண்ணை ரிமோட்டே படித்துக் காட்டிவிடும்.

மகள் போனில் பேசினாள். குரலில் களைப்பு. நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும். பேத்திக்கு என் முத்தங்கள்.

தங்கள்,
சம்பந்தி


2 மார்ச்

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

முழங்கால் மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது. அந்த வேலையையாவது ஒழுங்காகச் செய்கிறதே என்று விட்டுவிட்டேன். நீங்கள் இன்னும் நின்றுகொண்டுதானா எழுதுகிறீர்கள்?

நீங்கள் எழுதியதை நாலு முறை படித்துவிட்டுத்தான் இறங்கினேன். ஆனாலும் முதல் முறை இரண்டும் நான்காகிவிட்டன. நான் ரிமோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் வாண்டு, இரண்டாவது எஞ்சின் தனியாக இருந்தால் அழும் என்று எடுத்துத் தண்டவாளத்தில் வைத்துவிட்டாள். இரண்டும் சேர்ந்து உதறிக்கொண்டன. அவளுக்கு ஒரே சிரிப்பு. மறுபடியும் செய்தோம். இந்த முறை அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு, "கொஞ்ச நேரம்தான், இப்ப விட்டுடறேன்" என்று அதற்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது ஒன்று மூன்று, இன்னொன்று நான்கு. ஒன்று நிற்கிறது, ஒன்று வருகிறது. ஆளுங்க ஏறுகிறார்கள்.

எஞ்சின் ஓடும் சத்தம் எனக்குக் கேட்காது என்று உங்களுக்குத் தெரியும். உள்ளங்கையைப் பலகைமேல் வைத்தால் போதும், எது எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடுகிறது. முப்பது வருஷம் தறிகளோடு வாழ்ந்தவனுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. நேற்று மாலை இரண்டு எஞ்சின்களும் நின்றிருந்தன. ஆனால் பலகை இரண்டு தடவை அதிர்ந்தது. யாரோ கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தியிருப்பார்கள்.

மருமகள் சாப்பிடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாப்பிடுகிறாள், எல்லாரும் எழுந்த பிறகு. இப்போதெல்லாம் வாண்டுவின் அறையிலேயே படுத்துக்கொள்கிறாள். "இருட்டுக்குப் பயப்படறியா?" என்று வாண்டுவைக் கேட்டேன். "எனக்கில்ல தாத்தா, அம்மாவுக்குத்தான்" என்று எழுதினாள்.

வாண்டுவின் அடுத்த உத்தரவு வந்துவிட்டது. இரண்டு எஞ்சினும் சேர்ந்து நீளமான வண்டியை இழுக்க வேண்டுமாம். எப்படி?

உடம்பைக் கவனியுங்கள்.

மில் தாத்தா


24 மார்ச்

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்பு ஒன்றும் இல்லை. தங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டும் சேர்ந்து இழுக்க, அவற்றுக்குப் பொதுவாக ஓர் எண் கொடுக்கலாம். ரிமோட்டில் சங்கிலிப் படம் போட்ட பட்டன் அதற்குத்தான். முதலில் மூன்று, பிறகு நான்கு, பிறகு பொது எண். ஆனால் அதற்கு முன்பு வேகத்தைச் சரிபார்த்துவிட வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே அச்சு என்றாலும் ஒன்று சற்று வேகமாக ஓடும். அப்படியே கோத்தால் வேகமானது மெதுவானதை இழுக்கும், மெதுவானது வேகமானதைப் பிடித்துவைக்கும். இரண்டின் மோட்டாரும் சூடாகும்.

எஞ்சினுக்குள் எண் போட்ட சில அறைகள் உள்ளன. இரண்டாம் அறை கிளம்பும் வேகம். ஐந்தாம் அறை உச்ச வேகம். வேகமான எஞ்சினின் ஐந்தாம் அறையில் உள்ள எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மெதுவானதை முடுக்க முடியாது. வேகமானதைத்தான் குறைக்க வேண்டும். அவசரப்படாமல் ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளலாம்.

தண்டவாளத்தைத் துணியால் துடைத்து வைக்கவும்.

பேத்திக்கு முத்தங்கள்.

தங்கள்,
சம்பந்தி


12 ஏப்ரல்

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

ஒத்தடம் கொடுத்தேன். முழங்காலுக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் முதுகைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. போன கடிதத்தில் மகளைப் பற்றியும் கேட்கவில்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும்.

மூன்று மெதுவானது, நான்கு வேகமானது. நீங்கள் சொன்ன ஐந்தாம் அறையை நாலைந்து நாள் குறைத்துக் குறைத்துப் பார்த்தோம். வாண்டு ரிமோட்டை வைத்துக்கொள்வாள், நான் இரண்டு கையையும் பலகைமேல் வைத்துக்கொள்வேன். இரண்டு துடிப்பும் ஒன்றாகும்போது தலையாட்டுவேன். கடைசியில் ஒரே துடிப்பு. வாண்டு கை தட்டினாள். சங்கிலிப் பட்டனையும் அழுத்தியாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பெட்டிகளைக் கோத்தோம். என் மகன் அலமாரியிலிருந்து தன் பழைய சரக்குப் பெட்டிகளை எடுத்துத் தந்தான். அவனே வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததுதான் எனக்கு ஆச்சரியம். இரண்டு பச்சை எஞ்சினும் முன்னால் நிற்க, வாண்டு பட்டனை அழுத்தினாள். வண்டி கிளம்பியது! வளைவில் கடைசிப் பெட்டி கொஞ்சம் சாய்ந்தது, மகன் விரலால் தட்டி நிமிர்த்தினான். அவன் சிரித்ததைப் பார்த்தேன். வாண்டு, "அம்மா, வா வா, பாரு!" என்று வாசல் பக்கம் கத்தியிருக்க வேண்டும். ஏனென்றால் மருமகள் வந்து கதவருகில் நின்றாள். தோளில் பை இருந்தது. வேலைக்குக் கிளம்பிய கோலம். வண்டி ஒரு சுற்று சுற்றி வரும்வரை பார்த்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நாங்கள் நாலு பேரும் ஒரே அறையில் இருந்து வெகுநாளாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் உடம்பைப் பற்றி மறக்காமல் எழுதுங்கள்.

மில் தாத்தா


3 ஜூன்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலம்.

மகளும் பேத்தியும் ஏப்ரல் கடைசியில் இங்கு வந்து சேர்ந்தது தாங்கள் அறிந்ததே. பேத்தியைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். மகளுக்கு இங்கே ஒரு லேபில் வேலை கிடைத்திருக்கிறது.

பேத்தி தன் பையில் ஒரு பச்சை எஞ்சினைக் கொண்டு வந்திருக்கிறாள். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் சிறிய வட்டமாகத் தண்டவாளம் போட்டுக் கொடுத்து, புதிதாக ஒரு ரிமோட்டும் வாங்கினேன். மூன்று என்று போட்டாலும் நான்கு என்று போட்டாலும் எஞ்சின் நகரவில்லை. பேத்தியிடம் கேட்டால், "மில் தாத்தாவுக்குத்தான் தெரியும்" என்கிறாள்.

அதன் எண் என்ன என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
போன் தாத்தா


11 ஜூன்

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

நான் அப்படித்தான் ஆரம்பிப்பேன். எனக்கு வேறு மாதிரி எழுத வராது. உடம்பு நன்றாக இருக்கிறது. முழங்கால் படியேற மறுக்கிறது, நானும் அதை வற்புறுத்துவதில்லை.

அந்த எஞ்சினின் எண் ஏழு. வாண்டுவுக்கு ஏழு வயது ஆனதால் அவளே மாற்றச் சொன்னாள். சங்கிலியையும் அவிழ்த்துவிட்டேன், தனியாக ஓடும்.

சம்பந்தி, கண்ணாடிப்படம் போட்ட பட்டனை அழுத்தினால் எண்ணை ரிமோட்டே படித்துக்காட்டிவிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். அது உங்களுக்கு மறந்திருக்காது. ஆனாலும் என்னைக் கேட்டு எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

உங்களுக்கு முன்பே தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். மகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் உங்கள் கடிதம் வந்த அன்றே தெரிந்துவிட்டது. எனக்குக் கோபமில்லை. மகள் உங்களிடம் அழுததை என்னிடம் எப்படி எழுதுவீர்கள்? நானும் உங்களிடம் கதவு அதிர்ந்ததைத்தான் எழுதினேன். ஏன் அதிர்ந்தது என்று எழுதவில்லை.

தறிச் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. மில்லில் எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை. சிலேட்டு வாண்டு எழுத்துப் பழகட்டும் என்றுதான் வைத்தேன். சிலேட்டு இல்லாமல் எனக்கு எதுவும் புரியாது என்று வீட்டில் மற்றவர்கள் நம்பிவிட்டார்கள், என் முன்னாலேயே சண்டை போட்டார்கள். சண்டை என்றால், மருமகள் பேசுவாள், மகன் பேசமாட்டான். அவன் கைநீட்டியதில்லை, குடித்ததில்லை. வேலை போனதை மூன்று மாதம் அவளிடம் சொல்லாமல் தினமும் காலையில் கிளம்பிப் போய் வந்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று அவள் கேட்டுக்கொண்டேயிருந்தாள். அவன் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எழுந்து அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. எனக்குத்தான் கேட்காதே! கேட்காதவன் எப்படி எழுந்திருப்பது?

போகிற அன்று மருமகள் என் அறைக்கு வந்தாள். சிலேட்டை எடுக்கவில்லை. என் எதிரில் உட்கார்ந்து, நிதானமாக, "உங்களுக்குப் புரியும்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும் மாமா. நான் போறேன்" என்றாள். போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது, குழந்தை பயந்துவிடும் என்று மூடிக்கொண்டேன்.

வாண்டு என் அறையில் செருப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தபாலில் அனுப்பட்டுமா? அதற்குள் கால் வளர்ந்திருக்குமோ?

உங்கள் முதுகு?

மில் தாத்தா


20 ஜூலை

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

முதுகு பழகிவிட்டது. தங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நாலைந்து தடவை எழுத உட்கார்ந்தேன்.

செருப்பை அனுப்ப வேண்டாம். கால் வளர்ந்துவிட்டது.

எஞ்சின் ஓடுகிறது. பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஓட்டுகிறாள். "அங்க இருக்கிறதை இப்ப யாரு ஓட்டுவாங்க?" என்று கேட்டாள். மில் தாத்தா ஓட்டுவார் என்றேன். "அவருக்கு வளைவுல மெதுவாப் போகணும்னு தெரியாதே" என்று கவலைப்பட்டாள்.

வக்கீல் எழுதிய தாள் வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் மகன் வந்து குழந்தையைப் பார்க்கலாம். தங்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தாத்தாக்களை அந்த மாதிரித் தாள்களில் எழுதுவதில்லை போலிருக்கிறது.

மகளிடம் கேட்டேன். "அவரும் ஒரு நாள் வந்து பார்த்துட்டுப் போகட்டுமேம்மா." அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வேணாம்ப்பா. அவங்க பையன் வந்தா நான் தாங்கிடுவேன். மாமா வந்தா நான் உடைஞ்சிடுவேன்" என்றாள். தங்களிடம் இதை மறைக்க மனம் வரவில்லை.

சாப்பாட்டை நேரத்துக்கு முடித்துக்கொள்ளுங்கள்.

தங்கள்,
சம்பந்தி


16 ஆகஸ்ட்

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

நான் சௌக்கியம். மருமகள் சொன்னது சரி. நான் வரவில்லை. நீங்கள் எனக்காகக் கேட்டீர்களே, அது போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் அங்கே வந்துவிட்டுத் திரும்பினான். வழக்கம்போல நேராக அவன் அறைக்குப் போய்விடுவான் என்று நினைத்தேன். பின்னறைக்கு வந்தான். ஆணியில் தொங்கிய சிலேட்டை எடுத்தான். "அவளுக்கு முன்பல் ரெண்டும் விழுந்துடுச்சுப்பா" என்று எழுதினான். எழுதி முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். இத்தனை வருஷத்தில் அவன் எனக்காக அந்தச் சிலேட்டை எடுத்தது அன்றுதான். நாலு மாதம் முன்னால் அதில் பாதியாவது மருமகளிடம் பேசியிருந்தால் என்று நினைத்தேன். தலையைத் தடவிக்கொடுத்தேன்.

வளைவில் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன் என்று வாண்டுவிடம் சொல்லவும்.

உங்கள் கையெழுத்து போன தடவை கோணலாக இருந்தது. என்ன விஷயம்?

மில் தாத்தா


29 அக்டோபர்

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? என் கை கொஞ்சம் நடுங்குகிறது. அதனால்தான் எழுத்து கோணல். பொழுதுபோக்காக வீட்டில் கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டிக்கொண்டிருந்ததையும் நிறுத்திவிட்டேன். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். வயதுக்கு வருகிற விஷயம்தான்.

மகளுக்கு வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்துவிட்டது. குழந்தையையும் அழைத்துப் போகிறாள். தங்கள் மகனும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நவம்பர் இரண்டாம் வாரம் விமானம்.

"என்கூட வந்துடுங்கப்பா" என்று மகள் சொன்னாள். இந்தக் கையோடும் முதுகோடும் அங்கே போய் அவளுக்கு இன்னொரு குழந்தையாக இருக்க விருப்பமில்லை. நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பழகின வீடு.

தாங்கள் வழியனுப்ப வர வேண்டும். மகளிடம் சொன்னேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டேயிருந்தாள். அதைச் சரி என்று நான் எடுத்துக்கொண்டேன். முதல்நாளே என் வீட்டுக்கு வந்துவிடுங்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் வேண்டாம், குளிர் அடிக்கும்.

தங்கள்,
சம்பந்தி


18 நவம்பர்

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். குளிர் அடிக்கவில்லை. மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் வீட்டில் பேச நினைத்துப் பேசாமல் வந்தவற்றை எழுதிவிடுகிறேன்.

நான் உள்ளே நுழைந்தபோது அலமாரியில் பச்சையாக ஏதோ தெரிந்தது. நீங்கள் சட்டென்று கதவைச் சாத்தினீர்கள். வாண்டு எஞ்சினை எடுத்துப்போகவில்லை, அவ்வளவுதானே? நீங்கள் பெட்டியில் வைத்ததைத் தானே வெளியே எடுத்து வைத்ததாக அவளே என்னிடம் சொல்லிவிட்டாள். "அங்க போய் வேற விளையாடுவேன் தாத்தா, அது உங்க ரெண்டு பேருக்குத்தான் ரொம்பப் பிடிக்கும்." இப்போது அவளுக்கு ஸ்கேட்டிங் பலகை வேண்டுமாம். என் மனம் கஷ்டப்படும் என்று மறைத்தீர்கள். கஷ்டப்பட்டது. பிறகு, அவளால் அதை விட்டுவிட்டுப் போக முடிகிறதே, அதுவும் நல்லதுதான் என்று தோன்றியது. மடியில் வைத்து ஆறுதல் சொன்ன குழந்தை அவள். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போனால் எப்படி?

விமான நிலையத்தில் அவர்கள் சோதனை முடிந்து உள்ளே போய், அந்தப் பெரிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள், ஞாபகம் இருக்கிறதா? வாண்டு பொக்கைவாயைக் காட்டிக் கையாட்டினாள். மருமகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். நீங்கள் கண்ணாடியில் காதை வைத்துப் பார்த்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. என் தோளைத் தட்டி, "என்ன சொல்றா?" என்று கேட்டீர்கள். "தெரியலை, தூரமா இருக்கு" என்றேன். நீங்கள் அப்போதே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தீர்கள். அதனால் அப்படிச் சொன்னேன்.

தெளிவாகத் தெரிந்தது, சம்பந்தி. அன்று என் அறையில் சொன்ன மாதிரியே நிதானமாகச் சொன்னாள். "மாமா, அப்பா சாப்பிட மாட்டார். தனியா விட்டுடாதீங்க." நான் தலையாட்டினேன். அவள் இரண்டாவது தடவை சொன்னாள். இரண்டாவது தடவையும் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

மகனிடம் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "போயிட்டு வாங்கப்பா. நான் சமைச்சுக்கிறேன்" என்று எழுதினான். ஒரு வேலையும் பார்த்துவைத்திருக்கிறான், அடுத்த வாரம் சேர்கிறான்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஒரு பெட்டியும் படுக்கையும்தான் கொண்டுவருவேன். முழங்காலுக்காக எனக்குக் கீழ்த்தளத்து அறையைக் கொடுங்கள். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. எதற்கு இந்தச் சிரமம் என்று பதில் எழுதாதீர்கள், கடிதம் வந்து சேர்வதற்குள் நான் கிளம்பியிருப்பேன்.

மருமகள் சொன்ன எதையும் நான் தட்டியதில்லை.

உங்கள்,
மில் தாத்தா